வெள்ளெழுத்தும் விழிக்குள் பதிக்கும் வில்லையும்

(ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

  

இக்கூட்டத்திற்கு என்னை அழைத்தபோது, உங்கள் ஒன்றியத்தார் ஒரு கேள்வியையும் உடன் அனுப்பியிருந்தார்கள். "கண்ணின் மேற்படலத்துக்குள்ளே மிளகளவான வளையம் ஒன்றைப் பதித்துவிட்டால், நாற்பதைத் தாண்டியவர்கள் படிப்பதற்குக் கண்ணாடியே அணிய வேண்டியதில்லை என்கிறார்களே, அஃது உண்மைதானா? நம் ஊர் மக்கள் அதனைச் செய்துகொள்ளலாமா?" என்பது அக்கேள்வி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கைப்பேசியில் அனுப்பிய செய்தியைக் கண்டு, இரண்டொருவர் அதற்காகப் பணம் சேர்த்து வருவதாகவும் எழுதியிருந்தார்கள். நல்ல கேள்விதான். அத்தகைய சிகிச்சை ஒன்று தோன்றியது உண்மை. ஆயின், அதற்காக நிலத்தை அடகு வைக்கவோ நகையை விற்கவோ வேண்டாம் என்பதே என் விடை. விடையை முதலிலேயே கூறிவிட்டேன். காரணங்களைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நாற்பது வயதை ஒட்டி, கிட்டத்தில் உள்ள பொருள் மங்கலாகத் தெரியத் தொடங்கும் இந்தக் குறைக்கு நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்று பெயரிட்டனர். எழுத்து கண்ணுக்கு வெளுத்துத் தெரிவதைக் கண்டு இட்ட பெயர் போலும். 'சாளேசுவரம்' என்று சொல்வோரும் உண்டு. வடநாட்டார் நாற்பதைச் 'சாலீஸ்' என்பர். அதிலிருந்து வந்த சொல் அது. பெயரிலேயே வயதும் அடங்கிவிட்டது.

எழுத்துப் படிப்பவர்களுக்குத்தானே இந்தத் தொல்லை, ஏர் பிடிப்பவனுக்கு என்ன என்று கேட்பவர்களை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெற்பயிரின் தூரில் புகையான் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்குக் கிட்டப் பார்வை வேண்டும். பருத்தி இலையின் அடிப்புறத்தில் அசுவினி இருக்கிறதா, மிளகாய்ச் செடியில் இலைப்பேன் இருக்கிறதா என்று அறிவதற்கும் அதுவே வேண்டும். பூச்சி பெருகி இலை சுருண்ட பிறகு தொலைவிலிருந்தே தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்கள் நஞ்சின் கடுமையைக் காட்டுகின்றன. அந்நிறங்கள் கண்ணில் படுகின்றன. ஆனால் ஓர் ஏக்கருக்கு எத்தனை மில்லி என்பது பொடி எழுத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க இயலாதவர் மூடியால் அளந்து ஊற்றுகிறார். தாய்மார்களுக்கோ, அரிசியில் கல் பொறுக்குவதும், ஊசியில் நூல் கோப்பதும், பேரக்குழந்தைக்கு மருந்தை அளந்து கொடுப்பதும் இந்தக் கிட்டப் பார்வையைக் கொண்டே நடக்கின்றன.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களாகிய உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீர்மானப் பதிவேட்டிலும் செலவுச் சீட்டிலும் நீங்கள் கையொப்பமிடுகிறீர்கள். எழுதியிருப்பதைத் தாமே படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறவர் எத்தனை பேர்? "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், நீயே படி தம்பி" என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. படித்துக் காட்டுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். எனினும், மக்கள் வாக்களித்து ஒப்படைத்த பொறுப்பை மங்கிய கண்ணோடு செலுத்துவது முறையாகாது. எழுதப் படிக்கத் தெரிந்தும் படிக்க இயலாதிருப்பது, முதலிலேயே கல்லாதிருப்பதைவிட ஒரு வகையில் வேதனையானது. பலர் அதை வெளியில் சொல்லக் கூசுகிறார்கள்.

கண்ணுக்குள் நிகழ்வது என்ன?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, தெளிந்த படலம் ஒன்று மூடியிருக்கிறது. இதனைக் கார்னியா என்பர். கண்தானம் செய்தவரிடமிருந்து எடுத்துப் பிறருக்குப் பொருத்துவது இந்தப் படலத்தைத்தான். அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. கண்ணுக்குள் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய படலமே செய்துவிடுகிறது. எஞ்சிய பங்கைச் செய்வது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை. பிற்காலத்தில் புரை விழுவதும் இவ்வில்லையில்தான்.

இளமையில் இவ்வில்லை மென்மையாக இருக்கும். தொலைவைப் பார்க்கையில் தட்டையாகவும், கிட்டத்தைப் பார்க்கையில் பருத்தும் தன் வடிவை மாற்றிக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகிவிடுகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏழெட்டு சென்டிமீட்டர் தொலைவில் வைத்துக்கூட எழுத்தைப் படித்துவிடுவான். நாற்பதில் அந்தத் தொலைவு 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆகிறது. அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர். அவ்வளவு நீளமான கை யாருக்கு இருக்கிறது? செய்தித்தாளைக் கைநீட்டிப் பிடித்துப் படிப்பவரைப் பார்த்து வீட்டார் நகைப்பதன் பின்னணி இதுதான்.

இது நோய் அன்று. அதிகம் படித்ததாலோ, வெயிலில் உழைத்ததாலோ, சத்துக் குறைவாலோ வருவதும் அன்று. தலை நரைப்பதுபோல எல்லோருக்கும் வரும். "எனக்கு ஐம்பத்தைந்து வயது, இன்னும் வெறுங்கண்ணால் படிக்கிறேன்" என்று பெருமை பேசுகிறவர் சிலர் உண்டு. அவர்களைச் சோதித்துப் பார்த்தால், பெரும்பாலோருக்குத் தொலைவுப் பார்வை சிறிது குறைவாக இருக்கும். அந்தக் குறைவே கிட்டப் பார்வைக்குத் துணை நிற்கிறது. மேலும், கண்ணாடி அணிந்தால் கண் அதற்குப் பழகிச் சோம்பிவிடும் என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. அதில் உண்மையில்லை. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை இறுகிக்கொண்டேதான் போகும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை கண்ணாடியின் பவரைக் கூட்ட நேர்வது இதனால்தான்.

படலத்துக்குள் வில்லை

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இறுகிய வில்லையை இளக்குவதற்கு வழியில்லை. அப்படியானால் முன்னால் இருக்கும் கார்னியாவிலாவது ஏதேனும் மாறுதல் செய்து ஈடுகட்ட முடியாதா என்று கண் மருத்துவ அறிஞர்கள் எண்ணினார்கள். கார்னியாவுக்குள் செயற்கைப் பொருளைப் பதித்து ஒளியின் போக்கைத் திருத்தலாம் என்ற யோசனையை 1949ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தவர் ஹோசே பாராக்கேர் என்னும் அறிஞர். ஸ்பெயினில் பிறந்து, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் பெரும்பணி ஆற்றியவர் அவர். அவர் பயன்படுத்தியவை கண்ணாடியாலும் பிளாஸ்டிக்காலும் ஆன சிறு வில்லைகள். கண் அவற்றை ஏற்கவில்லை. படலம் நலிந்து, வில்லை வெளியே தள்ளப்பட்டது.

ஏன் ஏற்கவில்லை என்பதை உழவர்களாகிய நீங்கள் எளிதில் உணரலாம். கார்னியாவில் இரத்தக் குழாய்களே கிடையா. இருந்தால் அது தெளிவாக இராது. தனக்கு வேண்டிய உணவை உட்புறத்திலுள்ள கண்ணீர்மத்திலிருந்து, கசிவு நீர்போல அது பெறுகிறது. காற்றுக்கு முன்புறக் கண்ணீரை நம்பியிருக்கிறது. வயலில் ஒரு முழம் ஆழத்தில் கற்பலகை ஒன்றைப் புதைத்துவிட்டால், அதன் மேல் நிற்கும் பயிர் கீழ்மண்ணின் ஈரம் கிடைக்காமல் வாடும் அல்லவா? படலத்தின் நடுவே பதித்த கண்ணாடி செய்ததும் அதுவே. ஆகவே நீரையும் சத்தையும் தடுக்காத பொருளைக் கண்டுபிடிக்கும் வரையில், அதாவது அரை நூற்றாண்டுக்கு மேலாக, இம்முயற்சி மருத்துவமனைகளில் பெருவழக்காக வர இயலாமலே இருந்தது.

பின்னர் வந்தவற்றுள் இரண்டைச் சொன்னால் போதும். 'கேம்ரா' என்று பெயரிட்ட கருவளையம் ஒன்று. அதன் குறுக்களவு 3.8 மில்லிமீட்டர், நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளை. கனமோ தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சத்து ஊடுருவிச் செல்வதற்காக அந்த மெல்லிய வளையத்தில் 8,400 நுண்துளைகளை இட்டிருந்தார்கள். அதன் தத்துவம் மிக எளியது. நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தடித்த அட்டை ஒன்றில் ஊசியால் ஒரு துளையிட்டு, கண்ணருகே பிடித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் நாட்காட்டியின் பொடி எழுத்தைப் பாருங்கள், கண்ணாடியின்றியே தெரியும். சிறு துளை வழியாக வரும் ஒளி சிதறாமல் வருவதே காரணம். கண்ணை இடுக்கிப் பார்ப்பவர்கள், தாம் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள். அந்த ஊசித்துளையையே கண்ணுக்குள் நிலையாக அமைத்துவிட்டார்கள். லேசர் ஒளியால் கார்னியாவுக்குள் சிறு பை போன்ற இடைவெளியை உண்டாக்கி, ஒரு கண்ணில் மட்டும் வளையத்தைச் செருகுவார்கள். மற்றொரு கண் தொலைவைப் பார்த்துக்கொள்ளும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது.

மற்றொன்று 'ரெயின்டிராப்', மழைத்துளி என்று பொருள். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, நீர் நிறைந்த மென்பசை போன்ற வில்லை. இதைப் பதித்தால் கார்னியாவின் நடுப்பகுதி சிறிதே மேடாகும். அம்மேடு வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் உள்ளவை தெளியும். இது 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே அனுமதி பெற்றது. தொடக்கத்தில் செய்துகொண்டவர்களுள் பலர் மகிழ்ச்சியோடு படித்தார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அனுமதி வழங்கியவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து வருமாறு பணித்திருந்தார்கள். அந்த ஆய்வில் நூற்றுக்கு 75 பேருக்குக் கார்னியாவில் மூட்டம் போன்ற மங்கல் படர்ந்தது தெரியவந்தது. நூற்றுக்கு 42 பேருக்கு அம்மங்கல் பார்வை செல்லும் நடுப்பகுதியிலேயே இருந்தது. 2018 ஜனவரியில் அதைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், இந்த வில்லையை இனி எவருக்கும் பதிக்க வேண்டாம் என்று அந்த நிர்வாகமே மருத்துவர்களுக்கு அறிவித்தது.

அனுமதி பெற்று இரண்டரை ஆண்டுகள்கூட நிறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் புதிய விதை ஒன்று வந்தால், முதற்பருவத்தில் அண்டை வயலைப் பார்த்துவிட்டு, மறுபருவத்தில் கால் ஏக்கரில் போட்டுப் பார்த்து, பிறகுதான் முழு நிலத்திலும் விதைக்கிறோம். விதை பொய்த்தால் அடுத்த பருவம் உண்டு. பதித்த வில்லையை எடுத்துவிடலாம் என்பது மெய்தான். எடுத்த பின் எல்லோருக்கும் கண் பழைய தெளிவைத் திரும்பப் பெற்றுவிடும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது.

நம் சென்னையிலும் இத்துறையில் சிந்தித்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கிட்டப் பார்வைக் கோளாறுள்ள இளைஞர்களுக்கு லேசர் சிகிச்சை செய்யும்போது, கார்னியாவிலிருந்து மெல்லிய தகடு போன்ற திசு எடுக்கப்படுகிறது. வீணாகப் போகும் அத்திசுவிலிருந்து 1 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத்தை வெட்டி, வெள்ளெழுத்துள்ளவரின் கார்னியாவுக்குள் வைத்துப் பார்த்தார் டாக்டர் சூசன் ஜேக்கப். செயற்கைப் பொருளைவிட மனிதத் திசுவைக் கண் எளிதில் ஏற்கும் என்பது அவர் கருத்து. 2017இல் அவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முதல் அறிக்கை மிகச் சிலருக்குச் செய்ததைப் பற்றியதே. யோசனை நல்ல யோசனை. எனினும் அது ஆராய்ச்சி நிலையில் உள்ள ஒன்று. ஊர் மக்கள் வரிசையில் நின்று பெறத்தக்க சிகிச்சையாக அதைக் கருதலாகாது.

உழவனின் கண்

அமெரிக்க நாட்டில் அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவரின் கண் வேறு. நம் உழவரின் கண் வேறு என்பேன். உறுப்பு ஒன்றுதான், அதற்கு நேரும் இடர்கள் வேறு. கருவளையம் கண்ணுக்குள் செல்லும் ஒளியில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. பகலில் அது தெரியாது. அந்தி வேளையிலும் இரவிலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை மங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒளிவட்டமாகத் தோன்றும். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் மோட்டார் போடுவதற்காக வரப்பின் மீது நடந்து போகிறவருக்கு, காலடியில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிய இரண்டு கண்ணும் முழுமையாக வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டு உழவருக்குக் கார்னியாவே மிக எளிதில் அடிபடும் இடம். கதிர் அறுக்கும்போது தாள் கண்ணில் குத்துகிறது. தூற்றும்போது உமி விழுகிறது. மாட்டின் வால் அடிக்கிறது. கீறல் சிறிதாக இருக்கும். அதன் வழியே காளான் வகைக் கிருமி புகுந்துவிட்டால் புண்ணாகி, வெண்தழும்பு விழுந்து, பார்வையே போய்விடும். மதுரை மாவட்டத்தில் இத்தகைய கார்னியாப் புண் ஓராண்டில் இலட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் உண்டாவதாக 1996இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் காணப்பட்டதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு அது. அப்படிப்பட்ட கண்ணில், ஒரு கண்ணாடியால் தீரும் குறைக்காக, நலமாக இருக்கும் கார்னியாவைக் கீறி அயற்பொருளைப் பதிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. பணம் ஒரு பொருட்டே அல்லாத செல்வர் கேட்டாலும் என் விடை இதுவே.

இந்தப் புண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் மேலும் ஒன்று கூறிவிடுகிறேன். அதே மதுரை மாவட்டத்தில் ஊர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்து, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனடியாகக் கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டு வந்தார்கள். அவ்வாறு இடப்பட்டவர்களிடம் காளான் புண் உண்டாவது தடுக்கப்பட்டது என்று 2006இல் அறிவித்தார்கள். பெரிய மருத்துவமனை கட்டாமலே, ஊரளவில் செய்யத்தக்க காரியம் அது. கண்ணில் ஏதேனும் குத்தினால் இலைச்சாறு, தாய்ப்பால், எண்ணெய் எதையும் விடாமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

சொட்டு மருந்தைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். கண்மணியைச் சுருக்கி, அதே ஊசித்துளைத் தத்துவத்தைச் சில மணி நேரத்துக்கு உண்டாக்கும் மருந்துக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி தரப்பட்டது. நம் நாட்டில் அனுமதி பெற்ற அதைப் போன்ற மருந்து ஒன்று, அனுமதிக்கு மீறிய விளம்பரம் செய்யப்பட்டதாகக் கருதப்பட்டு, 2024 செப்டம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியால் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தகைய மருந்துகளால் தலைவலியும் இருட்டில் பார்வை மங்கலும் வருவதுண்டு. டாக்டரின் சீட்டின்றி எதையும் வாங்கி ஊற்றிக்கொள்ளல் ஆகாது.

கண்ணாடி ஈட்டித் தரும் கூலி

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பழைய மருந்தாயிற்றே என்று நினைக்கிறார்கள். அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டப் பார்வைக் கண்ணாடியை முதலிலேயே கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, மற்றவர்களைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த உயர்வு நூற்றுக்கு 31க்கும் மேல். அவர்கள் கொழுந்து பறிப்பவர்கள்; எழுத்துப் படிக்கும் வேலையே அல்ல என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வங்காளதேசத்துக் கிராமங்களில் 824 பேரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதத்தில் பெறாதவர்களுடையதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாக அது கூறுகிறது. பறித்த எடைக்குக் கூலி வாங்குபவருக்கும், தையல் வேலை செய்பவருக்கும், பூத் தொடுப்பவருக்கும் கண்ணாடி ஒரு வேலைக் கருவியாகும்; மண்வெட்டி போலத்தான்.

இருந்தும், 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் வெள்ளெழுத்து உற்றவர் ஏறத்தாழ 180 கோடி. அவருள் தக்க கண்ணாடியின்றி இடர்ப்பட்டவர் 82 கோடிக்கும் மேல். விலையைக் கேட்டால் சில நூறு ரூபாய்தான். குறைவது பணம் மட்டுமன்று. "கிழவனாகிவிட்டான் என்பார்களே" என்னும் கூச்சம், "நமக்கென்ன படிப்பா கெட்டுப்போகிறது" என்னும் அசட்டை, சோதிக்க ஆளில்லாத தொலைவு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பெண்கள் விஷயத்தில் இஃது இன்னும் கடுமை. வீட்டில் ஒரே கண்ணாடி இருந்தால் அது பெரும்பாலும் ஆண்மகன் மூக்கில்தான் இருக்கும்.

நாற்பதை ஒட்டி +1, ஐம்பதில் +2, அறுபதில் +2.5 என்பது தோராயமான அளவு. சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி இதற்குப் பல சமயம் போதுமானது. ஆனால் இரு கண்ணுக்கும் அளவு வேறுபட்டாலோ, தொலைவுப் பார்வையிலும் குறை இருந்தாலோ அது உதவாது. சோதித்தே வாங்க வேண்டும். எந்தத் தொலைவில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் சோதிப்பவரிடம் சொல்லுங்கள். ஊசி வேலைக்கு வேண்டிய அளவும், குனிந்து நாற்றைப் பார்ப்பதற்கு வேண்டிய அளவும் ஒன்றல்ல. மேலும் கீழும் இரு பவர் உள்ள கண்ணாடியை அணிந்துகொண்டு வரப்பிலும் படிக்கட்டிலும் நடக்கும்போது, கீழ்ப்பகுதி வழியாகத் தரை மங்கித் தோன்றிக் கால் இடறும். தலையைச் சற்றுத் தாழ்த்தி, மேற்பகுதி வழியாகப் பார்த்து நடக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அறுபது எழுபது வயதான பெரியவர் ஒருவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இளமைக் கண் திரும்பிவிட்டது" என்று சொல்லிப் படிக்கத் தொடங்கினால், வீட்டார் மகிழ்ந்துபோய்ச் சும்மா இருந்துவிடக் கூடாது. கண்புரை முதிரத் தொடங்கும்போது வில்லையின் தன்மை மாறி, சிறிது காலம் கிட்டப் பார்வை மீள்வது உண்டு. சில மாதங்களில் அதுவும் மங்கிவிடும். அதுபோன்றே, கண்ணாடி வாங்கியதோடு கண்ணைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழை. கண்ணில் அழுத்தம் கூடும் நோய் வலியின்றியே பார்வை நரம்பை அரிக்கும். நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும். நாற்பது வயதில் வெள்ளெழுத்துக்காகக் கண் மருத்துவரிடம் போகிறவருக்கு இவற்றையும் அப்போதே சோதித்துவிடுவார்கள். உண்மையில் வெள்ளெழுத்தால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான். வேறு எதற்காகவும் நாம் கண்ணைக் காட்டப் போவதில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை பல. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் முகாம் நடத்தும் முறையை எவ்வளவு பெரிதாக வளர்த்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். முகாம் நடத்த மருத்துவமனைகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. இடம், குடிநீர், முன்னறிவிப்பு ஆகியவற்றை ஊரார் ஏற்க வேண்டும். அறுவடைக் காலத்தில் முகாம் வைத்தால் ஆள் வராது; அதைத் தவிருங்கள். ஊரக வேலைத் தளத்திற்குச் சென்று, நாற்பது கடந்தவர்களின் பட்டியலை முன்னதாகவே எடுங்கள். பெண்களின் பெயரைத் தனியே எழுதுங்கள். அவர்களுள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பின்னர் ஒத்துப் பாருங்கள். கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கலாம்.

ஊராட்சி அலுவலக மேசையில் +1.5, +2, +2.5 என்று மூன்று கண்ணாடிகளை, துடைக்கும் துணியோடு, எப்போதும் வைத்திருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு. தீர்மானப் பதிவேட்டைத் திறந்ததும் முதலில் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று வழக்கப்படுத்திக்கொள்ளலாம். மனுக் கொண்டு வரும் முதியவர், தம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தாமே பார்த்துக்கொள்ளவும் அது பயன்படும். நியாய விலைக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இவ்வாறே வைக்கச் சொல்லலாம்.

முகாமுக்கு வருகிறவர்கள், தாம் அணியும் பழைய கண்ணாடி உடைந்ததாக இருந்தாலும் எடுத்து வரட்டும். உண்ணும் மாத்திரைகளின் அட்டையையும், நீரிழிவு உள்ளவர்கள் அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் உடன் கொண்டு வர வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் நான்கைந்து மணி நேரம் கண் கூசும். அன்று தாமே வண்டி ஓட்டிச் செல்லாமல், துணைக்கு ஒருவரை அழைத்து வரும்படி தண்டோராவிலேயே சொல்லிவிடுங்கள்.